கோடை விடுமுறைக்கு அவருக்கு என்ன சட்டை எடுக்கலாம்?

ஆண்களின் உடை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, ஈரோட்டில் நெடுங்காலமாகச் சட்டை தைத்துவரும் தையல்காரர் பதில் சொல்கிறார்.

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு கன்னியாகுமரி, சுசீந்திரம், திருவனந்தபுரம், திருச்செந்தூர் என்று ஐந்து நாள் போகிறோம். என் கணவருக்கு 44 வயது. ஆபீசுக்குப் போடும் முழுக்கைச் சட்டைகள்தான் இருக்கின்றன. ரொம்ப வியர்க்கும், கொஞ்சம் தொப்பையும் உண்டு. லினன் சட்டை என்று 600 ரூபாய்க்கும் காட்டுகிறார்கள், 2,500 ரூபாய்க்கும் காட்டுகிறார்கள். எதை நம்பி எடுப்பது?
– வாசகி, சேலம்

பதில்: முதலில் லினனைப் பார்த்துவிடுவோம். ஆளிச்செடியின் தண்டிலிருந்து உரிக்கும் நாரில் நூற்பதுதான் லினன். அந்த நார் பெரும்பாலும் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கமிருந்து இறக்குமதியாகிறது. அதனால் அசல் லினன் மலிவாகக் கிடைக்க வழியில்லை. 600 ரூபாய்ச் சட்டை பருத்தி கலந்ததாக இருக்கலாம், இல்லையென்றால் லினன் மாதிரி முடிச்சு முடிச்சாக நெய்த பாலியஸ்டராக இருக்கலாம். பருத்தி கலந்தது என்றால் தாராளமாக வாங்குங்கள். பாலியஸ்டர் மட்டும் வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். சாதாரணக் காற்றில் கிடக்கும்போதே 100 கிராம் பருத்தி ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். லினன் 12 கிராம் வரை இழுக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. உங்கள் வீட்டுக்காரர் மாதிரி வியர்க்கிறவருக்கு அந்த வியர்வை துணிக்குள் போகாமல் முதுகிலேயே வழிந்துகொண்டிருக்கும். கன்னியாகுமரி மாதிரி கடலோர ஊரில் காற்றே ஈரமாக இருப்பதால் அது சீக்கிரம் உலரவும் உலராது. சாயங்காலம் வாடையும் வந்துவிடும்.

ரெடிமேட் எடுத்தால் உள்பக்கத் தையலில் இருக்கும் சின்ன லேபிளைப் படியுங்கள். எத்தனை சதவீதம் எது என்று அதில் போட்டிருக்கும். வெட்டித் தரும் துணி என்றால் கடைக்காரரிடம் ஓரத்திலிருந்து இரண்டு இழை நூல் கேட்டு வாங்கி, வெளியே வந்து தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தியும் லினனும் காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் நுனியில் கடுகளவு கெட்டி மணியாக நிற்கும். நகத்தால் நசுக்கினாலும் உடையாது. கலப்புத் துணியில் சாம்பலும் இருக்கும், நடுவே அந்த மணியும் தட்டுப்படும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. துணியை ஒற்றையாக வாயில் வைத்து ஊதுங்கள். மூச்சு அந்தப் பக்கம் வைத்த கையில் தாராளமாகப் பட்டால் அது வெயிலுக்கான துணி. நூறு சதவீதம் பருத்தி என்று நம்பி எடுக்கும் சில சாட்டின் நெசவுத் துணிகள் இதில் தேறாது. பளபளப்பாக, நெருக்கமாக நெய்திருப்பார்கள், காற்றே போகாது. கதர், கைத்தறிப் பருத்தி, மேடு பள்ளமாகச் சுருங்கிய சீர்சக்கர் ஆகியவை நன்றாகத் தேறும். சீர்சக்கரின் மேடுகள் மட்டுமே உடம்பில் படுவதால் வியர்த்தாலும் முதுகில் ஒட்டாது. தொப்பை உள்ளவர்களுக்கு இதை நான் ஆசையாகவே சொல்வேன். இஸ்திரியும் தேவையில்லை.

அடுத்தது அளவு. பாதிப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். நல்ல துணியை எடுத்து ‘ஸ்லிம் ஃபிட்’டில் போட்டால் எடுத்ததே வீண். துணிக்கும் உடம்புக்கும் நடுவே காற்று நடமாட இடம் வேண்டும். மார்புச் சுற்று 42 இஞ்ச் என்றால் சட்டை 47, 48 இஞ்ச் இருக்கட்டும். தொப்பை இருப்பதால் வயிற்றுச் சுற்றையும் தனியாக அளந்து, உட்கார்ந்த நிலையில் 4 இஞ்சாவது தளர்ச்சி விடச் சொல்லுங்கள். நின்றபடி மட்டும் அளவெடுத்த சட்டை, பஸ்ஸில் உட்கார்ந்ததும் நடுப் பட்டனில் வாய் பிளக்கும். அரைக்கை முழங்கைக்கு ஒரு சாண் மேலே ஏறிப் பிடிக்கக் கூடாது, இரண்டு விரல் மேலே நின்றால் போதும். அடிப்பக்கம் நேர்வெட்டு, பக்கவாட்டில் சின்னத் திறப்பு, இன் பண்ணாமல் வெளியே விட்டுக்கொள்ளலாம். காலருக்குள் கனமான கேன்வாஸ் வேண்டாம் என்று தையல்காரரிடம் சொல்லிவிடுங்கள். கழுத்தில் வேர்க்குரு வருகிறவர்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

உங்கள் பயணத்துக்கென்றே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நீங்கள் போகும் கோயில்கள் நான்கிலும், குமரி பகவதி அம்மன், சுசீந்திரம் தாணுமாலயன், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி, திருச்செந்தூர் முருகன், ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் தரிசனம் செய்ய வேண்டும். அதனால் தலைவழியாகப் போடும் டி-சர்ட்டைப் பையிலேயே வைத்துவிட்டு, முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுப் போகட்டும். வியர்த்த உடம்பில் டி-சர்ட்டை உருவி மறுபடி மாட்டுவதற்குள் வரிசை நகர்ந்துவிடும். பணம், போன் எல்லாம் சட்டைப் பையில் வேண்டாம், இடுப்பில் இருக்கட்டும். பத்மநாபசுவாமி கோயிலுக்கு வேட்டி கட்டாயம். வாசலில் வாடகைக்குத் தேடி அலையாமல் மெல்லிசாக ஒன்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். தோளுக்கு ஒரு ஈரோட்டுத் துண்டு. கும்பலில் நிற்கும்போது அதன் அருமை தெரியும்.

நிறத்தைப் பொறுத்தவரை, வெளிர் நீலமும் சாம்பலும்தான் வியர்வையைப் பெரிதாகக் காட்டிக்கொடுப்பவை. அவர் ஆபீஸ் சட்டைகள் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வெள்ளையிலும், பொடிக் கட்டம், பொடிப் பூ போட்டதிலும் ஈரம் அவ்வளவாகத் தெரியாது.

கடைசியாக ஒன்று. பெண்கள் கேட்கக் கூச்சப்படுவதால் நானே சொல்கிறேன். கொஞ்சம் கனத்த உடம்புக்காரர்கள் கடற்கரை உப்புக்காற்றில் நடந்தால் தொடையோடு தொடை உரசிப் புண்ணாகும். இரண்டாம் நாளே நடக்க முடியாது. பாதித் தொடை வரை வரும் பருத்தி டிரங்க் நான்கு வாங்கி வையுங்கள். சட்டைக்குச் செலவழிப்பதில் கால்வாசிகூட ஆகாது.

கேள்வி: துணி எடுத்துத் தைப்பது நல்லதா, ரெடிமேடா? அரைக்கைச் சட்டைக்கு எவ்வளவு துணி வேண்டும்?
– வாசகர், கரூர்

பதில்: நாள் இருந்தால் தைத்துக்கொள்ளுங்கள். தோளும் வயிறும் ஒரே கணக்கில் அமையாத உடம்புக்கு ரெடிமேட் எங்காவது ஒரு இடத்தில் இடிக்கும். பன்னா என்பது துணியின் அகலம், இஞ்சில் சொல்வது. நடுத்தர உடம்புக்கு 36 பன்னாத் துணியில் இரண்டு மீட்டர், பெரிய உடம்புக்கு இரண்டே கால். 58 பன்னா என்றால் ஒன்றரை மீட்டருக்குள் முடிந்துவிடும். கைத்தறி பெரும்பாலும் பன்னா குறைவாக வரும், அதனால் அளந்து கேளுங்கள்.

துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பிழியாமல் நிழலில் உலர்த்திய பிறகு தையலுக்குக் கொடுங்கள். பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு மூன்று சுருங்கினாலே 28 இஞ்ச் உயரச் சட்டையில் முக்கால் இஞ்சுக்கு மேல் போய்விடும். பிறகு கையைத் தூக்கினால் வயிறு தெரியும். ரெடிமேடாக இருந்தாலும் ஊருக்குப் போகும் முன் ஒருமுறை துவைத்துப் போட்டுப் பார்த்துவிடுங்கள். புதுத் துணியின் கஞ்சி முறுக்கோடு வெயிலில் அலைவது கஷ்டம்.

கேள்வி: நண்பர்களோடு ஊட்டி போகிறேன். மே மாதம்தானே, டி-சர்ட்டும் ஜீன்ஸும் போதாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பகலுக்குப் போதும் தம்பி, ராத்திரிக்குப் போதாது. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர், ஊட்டி சுமார் 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆக கோவையை விட 12 டிகிரி குறைவு. மே மாத இரவிலும் அங்கே 12, 13 டிகிரிக்கு இறங்கும்.

ஒரே கனமான ஜாக்கெட்டை விட அடுக்கடுக்காகப் போடுவது நல்லது. உள்ளே பருத்தி டி-சர்ட், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கும் மேல் மெல்லிய ஸ்வெட்டர். பத்து மணி வெயிலில் ஒன்றைக் கழற்றலாம், மாலையில் மாட்டிக்கொள்ளலாம். முழுக்கை எதற்கு என்றால், உயரம் கூடக்கூட வெயிலின் புற ஊதாக் கதிரும் கூடும். குளிர்ச்சியில் சுடுவது தெரியாமல் கை கறுத்துவிடும். ஜீன்ஸ் ஒன்று போதும். மே மாதம் மத்தியானத்துக்கு மேல் அங்கே மழை உண்டு. நனைந்த ஜீன்ஸ் அந்தக் குளிரில் மறுநாளும் உலராது. மாற்றுக்குப் பருத்திப் பேன்ட் வைத்துக்கொள். ஸ்வெட்டர் இல்லையென்றால் பொட்டானிக்கல் கார்டன் பக்கம் திபெத்தியர்களின் கடைகளில் பார்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. எங்கே போனாலும் வேட்டிதான். ராமேஸ்வரம் போகிறோம். காற்றில் வேட்டி பறக்கும், ரயிலில் ஏறி இறங்கச் சிரமம் என்று பேன்ட் போடச் சொல்கிறோம். கேட்கமாட்டேன் என்கிறார்.
– வாசகி, திருச்சி

பதில்: அப்பா சொல்வதுதான் சரி, வற்புறுத்தாதீர்கள் அம்மா. வாழ்நாள் முழுக்க வேட்டி கட்டியவருக்கு மே மாதத்தில் பேன்ட் மாட்டிவிடுவது தண்டனை. எட்டு முழம் வேண்டாம், நாலு முழம் எடுங்கள். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டையும் பையும் வைத்த வேட்டி இப்போது எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அது அவிழ்ந்துவிடுமோ என்ற பயம் இருக்காது. உள்ளே பருத்தி அரைக்கால் டிரவுசர் போட்டுக்கொண்டால் காற்றுக்கும் கவலையில்லை.

ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிய ஈரத்துணியோடு சுவாமி சந்நிதிக்குள் போக முடியாது. மாற்றுவதற்கு ஒரு செட் கையிலேயே இருக்க வேண்டும், லாட்ஜில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். தீர்த்தமாட மட்டும் மெல்லிசான பழைய வேட்டி எடுத்துப் போகட்டும். கனமான துணி நனைந்தால் வயதானவரை இழுக்கும், ஈரத் தரையில் காலைத் தடுக்கும்.

கேள்வி: பாலியஸ்டர் ஆகாது என்று எப்போதும் எழுதுகிறீர்கள். அருவியில் குளிக்கவும் பருத்திதானா?
– வாசகர், தென்காசி

பதில்: இல்லை. கடலுக்கும் அருவிக்கும் நைலான் அல்லது பாலியஸ்டர் அரைக்கால் டிரவுசர்தான் நல்லது. தண்ணீரைக் குடிக்காது, உதறினால் அரை மணியில் காய்ந்துவிடும். உள்ளே வலை வைத்ததாக, இடுப்பில் நாடா உள்ளதாகப் பாருங்கள். அருவி விழுகிற வேகத்துக்கு வெறும் எலாஸ்டிக் நிற்காது. குளித்து முடித்ததும் மாற்றிவிடுங்கள், அதையே போட்டுக்கொண்டு சாப்பிடப் போகாதீர்கள்.