குடும்ப வழக்கு மட்டும் போதுமா?

கேள்வி: சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து நான்கு மாதம். கிளிநொச்சியில் குடும்ப வழக்குகளை மட்டும் எடுத்து நடத்தலாமா அக்கா?
– வாசகி, தருமபுரம்

பதில்: நடத்தலாம் தங்கச்சி. ஆனால் முதல் இரண்டு வருடம் பஸ் காசுக்குக் காணி உறுதி எழுதத்தான் வேண்டிவரும். அதற்கு நொத்தாரிசு நியமனத்தையும் எடுத்து வையும். நான் அப்படித்தான் தப்பினேன்.

என் முதல் கட்சிக்காரி புதுக்குடியிருப்பிலிருந்து வந்தார். சொப்பிங் பைக்குள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி எல்லாம் இருந்தன. கல்யாணப் பதிவு மட்டும் 2009 இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. நானோ அவசரக்காரி, விவாகரத்துக்கு வழக்குரை எழுதத் தொடங்கிவிட்டேன். மூன்றாம் நாள் மெல்லச் சொன்னார்: "அவரை விட வேண்டாம் பிள்ளை, சாப்பாட்டுக் காசு தந்தால் போதும்."

அதற்கு விவாகரத்தே தேவையில்லை. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தால் சரி. விவாகரத்துத்தான் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். கல்யாணப் பதிவின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்டு எடுத்தோம்.

அப்புறம், கந்தோருக்கு வெளியே ஒரு வாங்கு போடும். கட்சிக்காரியோடு கூட வரும் அண்ணனை அதில் இருத்தும். உள்ளே விட்டால் அவருடைய வழக்கைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர். என்னுடையது வேப்பம் பலகை, இன்னும் ஆடவில்லை.