ஸ்கைடைவிங்கில் ஒருவர் இறப்பதைக் கண்ணெதிரே பார்த்துவிட்டேன். இதிலிருந்து எப்படி மீள்வது? மறுபடியும் குதிக்கலாமா?

இந்தக் கேள்விக்குக் கீழே ஏற்கெனவே இருக்கும் பதில்களைப் படித்தேன். பாதிப் பேர் "இது தேவையா?" என்று கேட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் தியானம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நேரில் பார்த்தவர் யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

நீங்கள் உங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானே ஒரு ஊகம் செய்துகொள்கிறேன். சிங்கப்பூரில் இருக்கிறீர்கள், பயிற்சி முடித்து அதிக நாள் ஆகவில்லை, நீண்ட வார இறுதி வந்தால் தாய்லாந்துக்கு டிக்கெட் போடுகிறீர்கள், வீட்டில் "நண்பர்களோடு சுற்றுலா" என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள். இங்கே வேறு வழியும் கிடையாது. செந்தோசாவில் காசு கொடுத்துக் காற்றுக் குழாய்க்குள் மிதக்கலாம். தேசிய தினத்தன்று ராணுவத்தின் ரெட் லயன்ஸ் குழு குதிப்பதைப் பார்த்துக் கைதட்டலாம். நம்மைப் போன்றவர்கள் வானத்திலிருந்து குதிக்க வேண்டுமென்றால் விமானம் ஏறி வெளியூருக்குத்தான் போக வேண்டும். அதாவது, எது நடந்தாலும் அந்நிய மண்ணில் நடக்கிறது. திங்கட்கிழமை காலை நீங்கள் பெருவிரைவு ரயிலில் நின்றுகொண்டு அலுவலகம் போகிறீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மனநல மருத்துவர் இல்லை. கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக வேலை. தம்பிமார்கள் "சேஃப்டி அண்ணே" என்று கூப்பிடுவார்கள். "சேஃப்டி வேலை பார்க்கிறவன் விமானத்திலிருந்து குதிக்கிறானா?" என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: என் மாமியார் உட்பட எல்லோரும் கேட்டுவிட்டார்கள். புதிதாக ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

நடந்தது சில வருடங்களுக்கு முன்பு, தாய்லாந்தில் ஒரு டிராப்சோனில், அதாவது குதிப்பவர்கள் வந்து இறங்கும் இடத்தில். இடத்தின் பெயர் வேண்டாம். இறந்தவர் எந்த நாடு, என்ன வயது என்பதும் வேண்டாம். அவருக்குக் குடும்பம் இருக்கிறது. என்னைவிடப் பல மடங்கு அதிகம் குதித்தவர், என்னைவிடக் கவனமானவர்.

அன்று காலை ஒருமுறை குதித்துவிட்டு, நிழலில் பாய் விரித்து என் கேனோபியை, அதாவது பாராசூட் துணியை, மடித்துக்கொண்டிருந்தேன். யாரோ கத்தினார்கள். திரும்பினேன். அவருடைய பாராசூட் முழுசாகத் திறந்திருந்தது, ஒரு கோளாறும் இல்லை. தரைக்கு மிக அருகில் வந்த பிறகு ஒரு திருப்பம் திரும்பினார். அதன் பிறகு கேட்ட சத்தத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

எல்லோரும் ஓடினோம். முதலுதவி தெரிந்த இரண்டு பேர் அவரிடம் போய்விட்டார்கள். ஆனால் துணி சும்மா இருக்கவில்லை. காற்று பிடித்துப் பிடித்து எழும்பியது. எழும்பும்போதெல்லாம் கயிறுகள் விறைத்து அவரையும் சேர்த்து இழுத்தன. பயிற்சியாளர் என்னைப் பார்த்து, "அதை அடக்கு!" என்று கத்தினார். நான் துணியை அள்ளிச் சுருட்டி அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சளும் நீலமுமான துணி, வெயிலில் சூடாக இருந்தது. காற்று வரும்போதெல்லாம் எனக்கு அடியில் உயிருள்ள பிராணிபோலப் புடைத்துப் புடைத்து அடங்கியது. ஆம்புலன்ஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை. அவரிடம் போகவும் இல்லை. என் வேலை அந்தத் துணி.

உள்ளே வந்தால், அடுத்த விமானத்தில் யார் யார் ஏறுகிறார்கள் என்று காட்டும் திரையில் அவர் பெயர் இருந்தது. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அதை அழிக்க மனசு வரவில்லை. கடைசியில் யாரோ போய்த் திரையையே அணைத்தார்கள்.

இதைச் சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "பாராசூட் திறக்கவில்லையா?" பத்துப் பேரிடம் சொன்னால் பத்துப் பேரும் இதையேதான் கேட்பார்கள். சலிப்பாக இருக்கும், தயாராக இருங்கள். ஒருமுறை பொறுமையாக எழுதிவிடுகிறேன், இனி யாராவது கேட்டால் இதைக் காட்டுங்கள். 1991ல் சைப்ரஸ் என்றொரு கருவி வந்தது. சுமார் 750 அடிக்கு வந்த பிறகும் ஒருவர் முழு வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வ் என்ற இரண்டாவது, அவசரப் பாராசூட்டைத் தானே திறந்துவிடும். இப்படிப்பட்ட கருவிகள் பரவிய பிறகு, திறக்காமலே விழுந்து சாவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது நடக்கும் சாவுகளில் பல, நன்றாகத் திறந்த பாராசூட்டின் கீழேதான் நடக்கின்றன. ஒரு பக்கம் இழுத்துத் திருப்பினால் கேனோபி சரிந்து, பாய்ந்து இறங்கும். மறுபடி நிமிர உயரம் வேண்டும். உயரம் இல்லையென்றால் தரைதான். அந்த நேரத்தில் சைப்ரஸ் எதுவும் செய்ய முடியாது.

பார்த்தீர்களா, ஒரு பத்தி முழுக்கக் காரணம் சொல்லிவிட்டேன். நான் சொல்ல வந்ததே இதைப் பற்றித்தான். ஒரு சாவு நடந்ததும் நாம் முதலில் தேடுவது காரணத்தைத்தான். அன்று சாயங்காலமே டிராப்சோனில் ஆரம்பித்துவிட்டது: என்ன உயரம், என்ன காற்று, அவர் எடைக்கு அந்தக் கேனோபி சின்னதா? எனக்கு அதுவே பிழைப்பு. சாங்கி விமான நிலையம் வந்து இறங்குவதற்குள் முழு விசாரணை அறிக்கையும் மண்டைக்குள் தயார். தூக்கம் மட்டும் வரவில்லை. அறிக்கை எழுதுவது அடுத்தவன் சாகாமல் இருக்க. அது ஒரு வேலை, அவசியமான வேலை. எனக்குள் அடைத்துக்கொண்டு நின்றது வேறு. அதற்கு அறிக்கை மருந்தில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. "அவர் தாழ்வாகத் திரும்பினார், நான் திரும்ப மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டால் உடனே நெஞ்சு லேசாகும். அந்த ஆறுதல் செத்தவர் தலையில் பழியைப் போட்டு வாங்கிய ஆறுதல். அவரை நன்றாகத் தெரிந்திருந்தால் அது ரொம்ப நாள் நிற்காது. விசாரணையே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் சம்பளமே அதில்தான். இரண்டையும் தனித்தனியாக வையுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, எனக்கு என்ன ஆனது? நாங்கள் இருப்பது பதினோராவது மாடி. எதிர் புளோக்கில் மூங்கில் கழிகளில் துணி காயும். மழைக்கு முன்னால் காற்று அடித்தால் அத்தனை துணியும் படபடவென்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் கை குளிர்ந்துவிடும். சன்னலைச் சாத்துவேன். இந்த ஊர் வெக்கையில் எத்தனை நாள் சன்னலைச் சாத்த முடியும்? மனைவி, "என்னங்க, புழுங்குது, ஏன் சாத்துறீங்க?" என்று கேட்டபோதுதான் முழுக்கச் சொன்னேன். அவள் "இனிமேல் போகாதீர்கள்" என்று சொல்லவில்லை. "துணியின் மேலேயேவா உட்கார்ந்திருந்தீங்க, அவ்வளவு நேரமும்?" என்று மட்டும் கேட்டாள். அதுதான் கேட்க வேண்டிய கேள்வி என்று அப்போது எனக்கே தெரியாது.

உண்மையில் மாற்றம் வந்தது, அன்று அங்கே இருந்த இன்னொருவரைப் பார்த்துப் பேசிய பிறகுதான். மலேசியாவின் ஈப்போக்காரர், தமிழ்ப் பெண், என்னோடு அவ்வப்போது குதிப்பவர். ஜொகூர் பாருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். அவர் முதலுதவி செய்த இருவரில் ஒருவர். தே தாரிக் ஆறிப்போகும்வரை பேச்சு வரவில்லை. அப்புறம் அவர் சொன்னார்: "உங்க மேல எனக்கு ரொம்பக் கோபம். நாங்க அங்க போராடிக்கிட்டு இருக்கோம், நீங்க பாட்டுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துட்டு இருந்தீங்க." அவருக்கு நான் எதன் மேல் உட்கார்ந்திருந்தேன் என்பதே தெரியவில்லை! அவர் பார்த்தது அவர் கைகளுக்குக் கீழே இருந்ததை மட்டும். நான் பார்த்தது துணியை மட்டும். சொன்னதும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன், பார்த்தால் சிரிக்கிறார். நானும் சிரித்துவிட்டேன். இரண்டு பேரும் அவரவர் பார்த்த துண்டுகளை மேசையில் வைத்துச் சேர்த்துப் பார்த்தோம். ஆகவே என் முதல் யோசனை: அன்று உங்களோடு இருந்தவர்களில் ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள். அவரும் உங்களிடமிருந்து ஏதாவது தெரிந்துகொள்ளக் காத்திருப்பார்.

அதே சமயம், பேசப் பிடிக்காதவரை உட்காரவைத்து "சொல், எல்லாவற்றையும் கொட்டு" என்று பிழியக் கூடாது. சம்பவம் முடிந்த கையோடு எல்லோரையும் ஒரு அறையில் உட்காரவைத்து ஒரே மூச்சில் பேசவைக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. 2011ல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு கேட்பது எளிமையானது: சுற்றிலும் பார், சொல்வதைக் கேள், உதவியோடு சேர்த்துவிடு. யாரையும் வற்புறுத்தாதே.

டெட்ரிஸ் விளையாடினால் காட்சிகள் திரும்பத் திரும்ப வராது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது கட்டுக்கதை இல்லை. 2009ல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கோரமான படம் பார்த்தவர்களிடமும், 2017ல் வெளியான ஆய்வில் வாகன விபத்தில் சிக்கி மருத்துவமனை வந்தவர்களிடமும் சோதித்து, காட்சிகள் குறைவதாகக் கண்டார்கள். ஆனால் அது முதல் சில மணி நேரத்துக்குள் செய்த சோதனை. நீங்கள் கேட்பதைப் பார்த்தால் வாரக்கணக்கில் கழிந்திருக்கும் என்று நினைக்கிறேன். விளையாடினால் நட்டமில்லை, அதையே நம்பி இருக்காதீர்கள்.

முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவது, சத்தத்துக்குத் திடுக்கிடுவது, காட்சி திரும்ப வருவது எல்லாம் எதிர்பார்க்கக்கூடியதுதான். பெரும்பாலோருக்குத் தானே தணியும். ஒரு மாதம் தாண்டியும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போங்கள். நான் பாலிகிளினிக் என்ற அரசு மருந்தகத்துக்குப் போனேன், அங்கிருந்து மேலே அனுப்பினார்கள். அதிர்ச்சியை மையமாக வைத்துச் செய்யும் பேச்சுச் சிகிச்சை உண்டு, பலன் தருகிறது. நடு இரவில் தாங்க முடியவில்லையென்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. உயிரை விடலாம் என்று தோன்றினால் யோசிக்காமல் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767. இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும்.

விடுப்பு கேட்டேன். "இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?" என்றார்கள். உறவில்லை. அப்படியானால் துக்க விடுப்பு கிடையாது. இந்த ஊரில் அது சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டிய விடுப்பும் இல்லை, நிறுவனம் மனசு வைத்தால்தான் உண்டு. எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்துக்கொண்டேன்.

நான் விடுங்கள், வெளிநாட்டில் போய்க் குதிக்கக் காசு உள்ளவன். தளத்தில் வேலை பார்க்கும் தம்பிமார் கதையைக் கேளுங்கள். 2022ல் சிங்கப்பூரில் வேலையிடத்தில் 46 பேர் இறந்தார்கள். மனிதவள அமைச்சு கூடுதல் பாதுகாப்புக் காலமே அறிவித்தது. நிறையக் கெடுபிடி, நல்லதுதான். ஆனால் ஒருவன் விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தானே, அவனை என்ன செய்தோம்? முன்பு நான் இருந்த ஒரு தளத்தில் அப்படி நடந்தது. வேலையை நிறுத்தினார்கள், டூல்பாக்ஸ் மீட்டிங் என்ற பாதுகாப்புக் கூட்டம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள். சாரத்தில் ஏறுவது எப்படி என்று மறுபடி பாடம். பார்த்தவன் அறந்தாங்கிப் பக்கத்துப் பையன். அடுத்த வாரம் அதே சாரத்தில் நின்றான். "தூங்குறியாடா?" என்று கேட்டதற்கு, "டார்மிட்டரியில அவன் கட்டில் என் கட்டிலுக்கு மேலண்ணே" என்றான். கட்டில் மாற்றித் தரச் சொல்லி நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஆனால் "பணக்காரன் விளையாட்டு, உனக்கெல்லாம் என்ன துக்கம்" என்று இங்கே எழுதுகிறவர்கள் அந்தப் பையனுக்காகவும் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

மறுபடி குதிக்கலாமா? அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் கணக்கில் 2023ல் சுமார் 36 லட்சம் குதிப்புகள், 10 சாவுகள். எண் நல்ல எண்தான். ஆனால் பார்த்தவனுக்கு எண் எதற்கு? எனக்கு அது ஒருநாளும் உதவவில்லை. உதவியது ஒரு பரிந்துரை. அதே சங்கத்தில் ஏ லைசென்ஸ் என்ற முதல்நிலை உரிமம் வைத்திருப்பவர் 60 நாளுக்கு மேல் குதிக்காமல் இருந்தால், திரும்பி வரும்போது பயிற்சியாளரோடு ஒரு மறுபழக்கக் குதிப்பு. அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்று அது கேட்கவில்லை. விலகி இருப்பதும் திரும்பி வருவதும் இந்த விளையாட்டில் சாதாரணம். திரும்பி வராதவர்களும் உண்டு, அவர்கள் கோழைகள் இல்லை. ஈப்போக்காரர் அதன் பிறகு குதிக்கவே இல்லை, இப்போது மலையேறுகிறார். நான் ரொம்ப நாள் கழித்துப் போனேன். வேகமாகப் பாய்ந்து இறங்குகிறவர்களுக்குத் தனி இடம் ஒதுக்காத டிராப்சோன் என்றால் அங்கே பணம் கட்டுவதில்லை. இறங்க அவசரப்படுகிறவர்களை முன்னால் விட்டுவிடுகிறேன்.

"அவருக்காக நீ குதித்தே ஆக வேண்டும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். "இனிக் குதித்தால் உன் பெற்றோர் கதி?" என்று கேட்பவரிடமும் இப்போதைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். தூக்கம் சரியான பிறகு முடிவெடுங்கள்.

சேர்க்கை: கமெண்டில் இரண்டு பேர் அந்த விபத்தின் வீடியோ கேட்டிருக்கிறார்கள். 2022 தேசிய தினத்தில் ரெட் லயன்ஸ் வீரர் ஒருவர் தரையில் மோசமாக இறங்கியபோது, நல்லவேளை பிழைத்துக்கொண்டார், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அணிவகுப்பு முடியும் முன்பே கிளிப் வந்துவிட்டது, கீழே கும்பிடும் எமோஜியோடு. அனுப்பிய சித்தப்பாவிடம் நான் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. என்னிடம் எந்த வீடியோவும் இல்லை. இருந்தாலும் தர மாட்டேன்.