தேதி தாண்டிய தீபாவளி இனிப்பைச் சாப்பிடலாமா?

பெட்டியில் 'பெஸ்ட் பிஃபோர்' என்றிருந்தால், அந்தத் தேதிவரை ருசியும் மணமும் குறையாது என்று பொருள். 'யூஸ் பை', 'எக்ஸ்பைரி' என்றிருந்தால் அதன்பின் தொடவே வேண்டாம்.

கிருமி வளர ஈரம் வேண்டும். மழைக்காலத்தில் ஜாடி உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்வதுபோல, மைசூர்பாகில் இருக்கும் கொஞ்ச நீரையும் சர்க்கரை பிடித்துக்கொள்கிறது. 'பெஸ்ட் பிஃபோர்' தாண்டி ஓரிரு நாள் ஆனாலும் பெரும்பாலும் பயமில்லை. நெய் சிக்கு வாடை அடித்தால் தூக்கிப் போடுங்கள்.

ரசமலாய், பால்கோவா அப்படியல்ல. சென்னையின் ஐப்பசிப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் தேதிக்கு முன்பே கெடும். அப்படி வெளியே இருந்ததை, குறிப்பாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும், தயவுசெய்து கொடுக்காதீர்கள். பர்ஃபி ஓரத்தில் பூஞ்சை தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டுச் சாப்பிடுவதும் வேண்டாம். தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் கடையில் தேதி காட்ட வேண்டும் என்று 2020 அக்டோபரில் விதி வந்தது, கேட்டு வாங்குங்கள்.

'வாடை வரலையே, நல்லாத்தான் இருக்கு' என்பது தவறு: வாந்திபேதி தரும் கிருமிகள் பல, வாடையோ நிறமாற்றமோ காட்டாது.