பல் பிடுங்கிய பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

மதுரையில் பல் மருத்துவம் படித்துவிட்டுப் பயிற்சி ஆண்டில் இருக்கிறேன். கிரீஸில் லெஸ்போஸ் தீவிலுள்ள அகதி முகாமில் தன்னார்வலர்கள் நடத்தும் பல் சிகிச்சை பற்றிப் படித்ததிலிருந்து அங்கே போகவேண்டும் என்று ஆசை. விமானச் செலவு, தங்கும் செலவு எல்லாம் நம்முடையது. ‘அந்தக் காசில் கிளினிக்குக்கு ஒரு சேர் வாங்கலாம்’ என்கிறார் அப்பா. ‘போட்டோ போடத்தானே போறே’ என்று நண்பர்கள் கிண்டல். இரண்டு வாரம் போய்வருவதால் அந்த மக்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா? நம்மூர் இலங்கை அகதி முகாம்களுக்குப் போய்வந்த அனுபவத்தை வைத்து நீங்கள் சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகி

அன்புள்ள டாக்டர்,

பயன் உண்டு. கடைவாய் வீங்கிக் கூடாரத்தில் தூக்கமில்லாமல் கிடப்பவருக்கு, நீங்கள் புண்ணியத்துக்கு வந்தீர்களா போட்டோவுக்கு வந்தீர்களா என்பது ஒரு பொருட்டே இல்லை. வலி நின்றால் போதும். அப்பா சொல்வதிலும் தப்பில்லை. மடக்கித் தூக்கிப் போகிற சேராக வாங்கச் சொல்லுங்கள், கிளினிக்குக்கும் ஆகும் முகாமுக்கும் ஆகும்.

லெஸ்போஸின் மோரியா முகாம் சுமார் 3,000 பேருக்கென்று அமைக்கப்பட்டது. 2020 தொடக்கத்தில் உள்ளேயும் சுற்றியிருந்த ஒலிவத் தோப்பிலுமாக 20,000 பேரை நெருங்கிவிட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் முகாமே எரிந்து, கடலோரத்தில் வேறொன்று போட்டார்கள். இப்படிப்பட்ட நெரிசலில் காய்ச்சல், பிரசவம், காயம் எல்லாம் போகப் பல்லுக்கு முறை வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். வெளியிலிருந்து யாராவது வந்தால்தான் பல்லுக்கு வைத்தியம் என்ற நிலை அப்படித்தான் வருகிறது.

சரி, வருகிறார்கள். பிடுங்குகிறார்கள். என் கவலை அதற்குப் பிறகு மூன்றாம் நாளைப் பற்றியது. டிரை சாக்கெட் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பல் பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து மூடிபோல் நிற்கும். புண் ஆறுவதே அதன் அடியில்தான். அந்தக் கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போனால் எலும்பு வெளியே தெரியும், காதுவரைக்கும் வலி பிய்த்தெடுக்கும். பிடுங்கிய அன்று இது வராது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வரும். புகை பிடிப்பவர்களுக்கு அதிகம் வரும். அதற்குள் தன்னார்வலர்கள் வந்த வேன் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

நம்மூர் முகாம் ஒன்றில் சமுதாயக் கூடத்துச் சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு ஒரு தலையணை, என் நெற்றியில் டார்ச். ஓரமாகக் கேஸ் அடுப்பில் பிரஷர் குக்கர். பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸ் எல்லாம் அதில்தான் வெந்துகொண்டிருந்தது. சிரிக்காதீர்கள், வெயிட் போட்டு ஆவி வந்த பிறகு இருபது நிமிடம் வைத்தால் அது ஆஸ்பத்திரியில் கருவிகளின் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் செய்கிற வேலையைத்தான் செய்கிறது. பெயின்ட் வேலைக்குப் போகிற ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். முகாம் ஆண்களில் பலருக்கு அதுதான் பிழைப்பு. “மூண்டையும் இண்டைக்கே பிடுங்கி விடுங்கோ டொக்டர், இன்னொரு நாள் வேலை விடேலாது” என்றார். ஆடிய பற்கள்தான், பிடுங்கினோம். மூன்று நாளைக்குப் பீடி கூடாது என்றோம். தலையாட்டினார். மறுநாள் ஏணியில் பீடியோடுதான் நின்றிருப்பார்.

வலி சொன்னபடி வந்தது. வழக்கமாக என்ன நடக்கும்? மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை, அது கேட்காவிட்டால் இன்னும் ரெண்டு மாத்திரை, அப்புறம் ‘கேம்ப் டாக்டருங்க வந்து கெடுத்துட்டாங்க’ என்ற பேச்சு. இங்கே அப்படி ஆகாததற்குக் காரணம் நாங்கள் இல்லை. முகாமிலேயே இருந்த சுகாதாரத் தொண்டர், ஒரு அக்கா, உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வைத்து, எங்களுக்குப் போன் போட்டு, எங்கள் சீட்டோடு அவரை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே குழியைக் கழுவி, கிராம்புத் தைல மருந்து தோய்த்த துணியை வைத்ததும் வலி அடங்கிவிட்டது.

இலங்கையிலிருந்து 1983 முதல் வந்தவர்களும் அவர்களுக்கு இங்கே பிறந்தவர்களும் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். அகதிகளே நடத்துகிற ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் வேலை செய்கிறது. முகாமிலிருந்தே ஆட்களை எடுத்துச் சுகாதாரப் பயிற்சி தந்திருக்கிறார்கள். போகிறவர்கள் முதலில் தேடிப் பிடிக்கவேண்டியது அப்படி ஓர் ஆளைத்தான். பேனர் கட்டி, பற்பசை கொடுத்து, ‘மேல்சிகிச்சைக்குக் கல்லூரிக்கு வரவும்’ என்று அட்டை நீட்டிவிட்டு நாலு மணிக்குப் பஸ் ஏறுகிற பல் மருத்துவ முகாம்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த அட்டை மாணவர்களுக்கு நோயாளிக் கணக்குக் காட்டத்தான் பெரும்பாலும் உதவுகிறது. ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் விட்டுவிட்டு யார் வருவார்கள்?

பிடுங்குவது ஒன்றே வழி என்றும் நினைக்க வேண்டாம். கரண்டும் டிரில்லும் இல்லாத இடத்தில் கைக்கருவியால் சொத்தைச் சுரண்டி, கிளாஸ் அயனோமர் சிமென்ட் அடைக்கிற முறை எண்பதுகளின் நடுவில் தான்சானியாவில் தொடங்கியது. கல்லூரியில் ஏஆர்டி என்று ஒரு பக்கத்தில் முடித்திருப்பார்கள். முகாமுக்குப் போகிறவர் கை நன்றாகப் பழகவேண்டியது அதில்தான். சில்வர் டயமைன் ஃபுளோரைடு சொட்டு இன்னும் எளிது. ஊசி இல்லை, சுரண்டல் இல்லை, தடவினால் பெரும்பாலும் சொத்தை அங்கேயே நின்றுவிடும். அந்த சிமென்ட், இந்தச் சொட்டு இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரே தொல்லை, தடவிய சொத்தை கறுத்துப்போகும். பிள்ளையின் முன்பல் என்றால் அம்மாவிடம் கறுத்த பல்லின் படத்தைக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே பாட்டிலைத் திறக்க வேண்டும்.

லெஸ்போஸுக்கு இப்போது போகாதீர்கள். பயிற்சி ஆண்டு முடியாமல் இன்னொரு நாட்டில் ஊசியைத் தொடுவது முறையில்லை. ஒன்றிரண்டு வருடம் கை பழகட்டும். அப்புறம் விண்ணப்பிக்கும்போது ‘நான் கிளம்பிய பிறகு என் நோயாளிகளை யார் பார்ப்பார்கள், நான் எழுதிய குறிப்பு யார் கைக்குப் போகும்?’ என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு அமைப்பைப் பாருங்கள்.

அதுவரை மதுரைப் பக்கமே ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் முகாம்கள் இருக்கின்றன. வெளியாட்கள் உள்ளே போக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும்; உங்கள் பேராசிரியர் யாரையாவது முன்னால் வைத்து மனு கொடுங்கள், இழுக்கும், பரவாயில்லை. போனால் பல்லோடு நிறுத்தாமல் கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், அடி எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்கு வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால், சீட்டு எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது, கூடப் போக ஓர் ஆள் ஏற்பாடு செய்யுங்கள். நாள் மட்டும் ஞாயிற்றுக்கிழமையாக வாங்குங்கள். மற்ற நாட்களில் பெயின்ட் வேலைக்காரர்கள் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள்.