சேலம் மரச்சிலந்திய காசு குடுத்து வாங்கலாமா? கூண்டு எப்படி இருக்கணும்?

கேள்வி (அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவர்): வணக்கம்ண்ணா, இன்ஸ்டால ஒருத்தர் "சேலம் ஆர்னமென்டல்"னு ஒரு டரான்டுலா, அதான் பெரிய முடி சிலந்தி, விக்கிறார், மரத்துல வாழுற டைப்பாம், செம ஸ்பீடா ஓடுமாம், கொஞ்சம் விஷம் இருக்கும் ஆனா பயப்பட ஒண்ணும் இல்லங்கிறார். பூச்சி 4,500, கூண்டோட எடுத்தா 6,000. பாதி பணம் ஜிபே பண்ணா பஸ்ல பார்சல் போட்டு விடறேன்னு சொல்றார். கூண்டு போட்டோ அனுப்பியிருக்கேன், இது போதுமானு மட்டும் சொல்லுங்க. வீட்ல தங்கச்சி ஆறாவது படிக்குது.

பதில்: தம்பி, கூண்டப் பத்தி கேட்ட, அதையும் சொல்றேன், ஆனா இந்தப் பூச்சிய வாங்காத, அத முதல்லயே சொல்லிடறேன்.

அவர் விக்கிறது நம்ம ஊர் பூச்சி. பொய்சிலோதீரியா ஃபார்மோசானு பேரு, 1899-ல போகாக்னு ஒரு ஆங்கிலேய விஞ்ஞானி முதல் முதலா விவரிச்சு எழுதினார், அதுக்கு அவர் கைக்குக் கிடைச்ச பூச்சி நம்ம சேலம் பக்கம் காடையாம்பட்டியில புடிச்சது. வயசான மரத்துல பொந்து இருக்கும்ல, பட்டை விட்டு எழும்பி நிக்குற இடம் இருக்கும்ல, அங்க பகல் பூரா ஒட்டிக்கிட்டு கிடக்கும், ராத்திரிதான் வாசல்ல வந்து உக்காரும். அந்த மாதிரி மரம் போயிட்டா இதுவும் போச்சு. உலகப் பாதுகாப்புப் பட்டியல்ல இது அழியுற ஆபத்துல இருக்குற இனம்னுதான் போட்டிருக்காங்க. இப்படிப்பட்ட ஒண்ண, வளர்ந்த சைஸ்ல, பில் கிடையாது எங்க பொறந்துச்சுன்னு ஒரு வார்த்தை கிடையாது, சேலத்துலயே ஒருத்தர் விக்கிறார்னா அது எங்கிருந்து வந்திருக்கும்னு நீயே யோசிச்சுக்க. பெரும்பாலும் மலையடிவாரத்துல எவனோ பட்டைய நெம்பி எடுத்ததாத்தான் இருக்கும். ஒரு பொந்துல தாயும் குஞ்சுகளும் கொஞ்ச காலம் ஒண்ணா இருக்குற பழக்கம் இந்த இனத்துக்கு உண்டு, அதனால ஒருத்தன் கைய வச்சா ஒரு குடும்பமே காலி.

சட்டமும் இருக்கு. சைட்டிஸ்னா காட்டு உயிரின வியாபாரத்த கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம், 2019-ல இந்த பொய்சிலோதீரியா பேரினம் மொத்தத்தையும் அதோட ரெண்டாம் பட்டியல்ல சேர்த்தாங்க. நம்ம வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்த 2022-ல திருத்தினப்ப சைட்டிஸ் பட்டியல் உயிரினங்களுக்குனு தனியா ஒரு அத்தியாயம் போட்டாங்க, 2023 ஏப்ரல் 1-லருந்து அமல்ல இருக்கு. 2024 பிப்ரவரியில வந்த விதிப்படி இப்படி பட்டியல்ல இருக்குற உயிரினத்த வச்சிருந்தா மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும், குஞ்சு பொரிச்சாலும் சொல்லணும், கை மாத்தினாலும் சொல்லணும். அதனால விக்கிறவர்கிட்ட ஒரே கேள்வி கேளு, "அண்ணா பதிவுப் பேப்பர் இருக்கா?" பதில் வராது, இல்ல பிளாக் பண்ணிடுவார். வனவிலங்கு சட்டத்த மீறினா பொதுவாவே மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், படிக்கிற புள்ளைக்கு எதுக்குப்பா இது. வெளிநாட்டு பூச்சினு சொல்லி வித்தாலும் இதே கேள்விதான், 2021 ஜூலையில போலந்துலருந்து சென்னைக்கு தபால்ல வந்த ஒரே பெட்டியில 107 சிலந்திய சின்னச் சின்ன குப்பியில பஞ்சு சுத்தி உயிரோட அனுப்பியிருந்தாங்க, கஸ்டம்ஸ் புடிச்சு திருப்பி விட்டாங்க. சந்தைக்கு வர்றதுல எவ்வளவு இப்படி வந்ததுன்னு யாருக்கும் கணக்கு இல்ல.

பணம் விஷயம். பாதி ஜிபே பண்ணிட்டு பூச்சி வரலனா சாதாரண பொருளா இருந்தா 1915-க்கு போன் போட்டு நுகர்வோர் புகார் குடுன்னு சொல்லுவேன். இதுல புகார் எழுதுறப்ப என்ன வாங்கினேன்னு நீ எழுதணும்ல. அந்த தைரியத்துலதான் இவங்க முன்பணம் கேக்குறாங்க.

கடைசியா நீ அனுப்பின கூண்டு. அகலம் ஜாஸ்தி, உயரம் ஒரு சாண் கூட இல்ல, மேல முழுக்க கம்பி வலை, தரையில ஒரு இன்ச் தேங்கா நார் தூள், நடுவுல பிளாஸ்டிக் மண்டை ஓடு. மரத்துல நட்டுக்க நிக்குற பூச்சிக்கு இதுல ஒளியவே இடம் இல்ல. ஒளிய இடம் இல்லாத டரான்டுலா எப்பவும் பதட்டத்துலயே இருக்கும், மூடிய தூக்கின உடனே ஓடும், ஓடினா கண்ணுல படாது. வலையில கால் நகம் மாட்டி கால் ஒடியும். ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்கு விக்கிற அந்தப் பெட்டி பூச்சிக்கும் ஆகாது, உன் தங்கச்சி இருக்குற வீட்டுக்கும் ஆகாது.

கேள்வி (ஃபேர்லேண்ட்ஸ்): சார், என் ஃப்ரெண்டு வெளிநாடு போறப்ப அவன் வளர்த்த வெனிசுவேலா சன்டைகர் டரான்டுலாவ என்கிட்ட குடுத்துட்டுப் போயிட்டான். இதுவும் மரத்துல வாழுறது, ரொம்ப வேகம். இப்ப ஒரு பெரிய ஊறுகாய் டப்பாவுல இருக்கு. நல்ல கூண்டு வாங்கலாம்னு இருக்கேன், என்ன பாத்து வாங்கணும்?

பதில்: அவர் எங்க எப்படி வாங்கினார்னு பேப்பர் இருந்தா முதல்ல அத வாங்கி வைங்க, இல்லனா வனத்துறை ஆபீஸ்ல கேட்டுட்டு வச்சுக்கறது நல்லது. இனி கூண்டு.

உயரம்தான் முக்கியம். வளர்ந்த பூச்சிக்கு அடி 30 சென்டிக்கு 30, உயரம் 45 இருந்தா தாராளம். உள்ள ஒரு கார்க் பட்டை, கிடைக்கலனா உள்ள பொந்து இருக்குற மூங்கில் துண்டு, சாய்ச்சு நட்டுக்க நிறுத்துங்க, வாய் கீழ்ப்பக்கமும் ஒண்ணு இருக்கட்டும். அதுக்குள்ள வலை பின்னி குடியேறிடும், அப்புறம் உங்களப் பார்த்தா வெளிய ஓடாம உள்ள ஓடும், உங்க பாதுகாப்பே அந்தப் பொந்துலதான் இருக்கு. ஏற்காடு எஸ்டேட்லருந்து மரத்துண்டு கொண்டுவந்து வைக்கலாம்னு தோணும், காப்பித் தோட்டத்துல மருந்து அடிச்சிருக்கலாம், வேண்டாம். தரைக்கு மூணு இன்ச் கோகோ பீட், அதான் தேங்கா நார் தூள், நம்ம ஊர்ல அது சல்லிசா கிடைக்கும். ஒரு சின்ன கிண்ணத்துல தண்ணி, ஸ்பாஞ்ச் எல்லாம் போடாதீங்க, அழுகிப் போகும்.

காத்து ரெண்டு பக்கவாட்டுலயும் வரணும், மேல மட்டும் ஓட்டை இருந்தா உள்ள புழுங்கும். ஓட்டை பூச்சியோட தலைப்பகுதிய விட சின்னதா இருக்கணும், கால் அகலத்த பார்த்து ஏமாறாதீங்க, தலை நுழைஞ்சா மொத்தமும் நுழைஞ்சிடும். காந்தம் வச்ச கதவு மட்டும் போதாது, சின்ன பூட்டோ கிளிப்போ வேணும்.

சேலத்து வெயிலப் பத்தி எந்தக் கடைக்காரரும் சொல்றதில்ல. ஹீட் மேட்னு ஒண்ண சேர்த்து விப்பாங்க, நமக்கு அது தேவையே இல்ல. ஏப்ரல் மே-ல மொட்டைமாடிக்கு கீழ் ரூம்ல வச்சா பெட்டிக்குள்ள வெந்துடும், வீட்டுலயே குளிர்ச்சியான ரூம்ல, ஜன்னல் வெயில் படாத இடத்துல, ஒரு நூறு இருநூறு ரூபாய் தெர்மாமீட்டர் ஒட்டி வைங்க, 30-ஐ தாண்டாம பார்த்துக்கங்க. அத விட பெருசு கொசு மருந்து. அந்த ரூம்ல லிக்விட் கொசுவிரட்டி, சுருள், கரப்பான் ஸ்பிரே எதுவும் கூடாது, அது பூச்சிய கொல்ல செஞ்ச மருந்து, டரான்டுலாவுக்கு மட்டும் விதிவிலக்கு கிடையாது. ஆளு வச்சு வீடு முழுக்க பெஸ்ட் கன்ட்ரோல் அடிக்கிறதா இருந்தா அதுக்கு முன்னாடியே வேற வீட்டுக்கு மாத்திடுங்க.

திறக்குறதுக்கு முன்னாடி பூச்சி எங்க இருக்குனு கண்ணால பாருங்க, தெரியலனா திறக்காதீங்க. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள்ள பெட்டிய வச்சு திறங்க, ரூம் கதவு சாத்தியிருக்கட்டும், ஒரு அடி நீள இடுக்கி ஒரு கைல, அகலவாய் டப்பாவும் அட்டையும் பக்கத்துல. கையில ஏத்துறது, போட்டோவுக்காக தோள்ல விடுறது எதுவும் வேண்டாம். இதுக்கு மெக்சிகோ டரான்டுலாவுக்கு மாதிரி உதறி அனுப்புற முடி கிடையாது, அதனால ஓடும், முடியலனா கடிக்கும். முதல் கேள்வியில வந்த ஆர்னமென்டல் வகை கடிச்சா சாவு நடந்ததா பதிவு இல்ல, ஆனா வலியோட தசை இழுப்பு வரும், சில பேருக்கு நாள் கணக்கா விட்டு விட்டு வந்திருக்கு. உங்களோடது அந்த அளவுக்கு இல்லனாலும் அலட்சியம் வேண்டாம். கடிச்சா மோதிரம் வாட்ச் கழட்டி சோப்பு போட்டு கழுவி நேரா பெரியாஸ்பத்திரிக்கு போங்க, டரான்டுலா கடினு தெளிவா சொல்லுங்க, இதுக்குனு விஷமுறிவு ஊசி கிடையாது, பாம்பு ஊசி இதுக்கு ஆகாது, வலிக்கும் இழுப்புக்கும்தான் வைத்தியம். கட்டு போடுறது, கீறி விடுறது, மந்திரிக்கப் போறது எல்லாம் நேரம் வீண்.

கேள்வி (ஏற்காடு, எஸ்டேட் லைன் வீடு): ஐயா, மழைக்கு வீட்டு சுவத்துல பெரிய எட்டுக்கால் பூச்சி ஒண்ணு வந்துருச்சு, சாம்பல் கலர்ல கோலம் போட்ட மாதிரி இருக்கு. டூர் வந்த ஒருத்தரு புடிச்சு குடுத்தா ஐநூறு ரூபா தர்றேன்னாரு. குடுக்கலாமுங்களா?

பதில்: குடுக்காதீங்கம்மா, இது முதல் கேள்வியில பேசின மரச்சிலந்தி வகையா இருக்கலாம். ஐநூறுக்கு உங்ககிட்ட வாங்கி பத்து மடங்குக்கு விப்பாங்க, மாட்டினா பேரு உங்களது வரும், அவர் ஊருக்குப் போயிருப்பாரு. அடிச்சும் போடாதீங்க. புள்ளைங்கள அடுத்த ரூமுக்கு அனுப்பிட்டு, அகலவாய் டப்பாவ மெதுவா மேல கவுத்து, சுவத்துக்கும் டப்பாவுக்கும் நடுவுல ஒரு கெட்டி அட்டைய தள்ளி, அப்படியே கொண்டுபோய் வீட்டுக்குப் பக்கத்துல இருக்குற வயசான மரத்துல பொந்துகிட்ட டப்பாவ சாய்ச்சு விடுங்க, தானா ஏறிடும். பயமா இருந்தா தொடாதீங்க, ஜன்னல திறந்து லைட்ட அணைச்சா ராத்திரியே போயிடலாம், இல்லனா ஃபாரஸ்ட் ஆபீசுக்கு சொல்லுங்க. பையன் போட்டோ எடுத்து போடுறதா இருந்தா எந்த எஸ்டேட், எந்த மரம்னு மட்டும் எழுத வேண்டாம்னு சொல்லி வைங்க, அந்த டூர்க்காரர் மாதிரி ஆளுங்களும் அதப் படிப்பாங்க.