மலைவாழ் மக்களுக்கு உணவைச் சேமித்து வைக்கும் பழக்கம் இருந்ததா?

"அன்றன்று கிடைத்ததை அன்றன்றே தின்றுவிடுவார்களாமே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். தானியம் சேமிக்கும் குதிர் இருக்கும் வீட்டில் வளர்ந்தவராக இருப்பீர்கள், அதனால் அப்படித் தோன்றியிருக்கும். நான் கொடைக்கானல் கீழ்மலையைச் சேர்ந்த பளியர் பழங்குடி வீட்டுப் பெண். எங்கள் குதிர் மண்ணுக்குள் இருந்தது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பாட்டியோடு வள்ளிக்கிழங்கு தோண்டப் போனேன். பாட்டி ஒரு காய்ந்த கொடியை விரலால் நெருடிப் பார்த்து, "இது அடுத்த வருடத்துக்கு" என்று விட்டுவிட்டார். அடுத்த கொடியின் அடியில் என் இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டினோம். கிழங்கு கைக்கு வந்ததும் நான் ஓடப் பார்த்தேன், அவ்வளவு பசி. பாட்டி என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். கொடி ஒட்டியிருந்த தலைத்துண்டை ஒடித்துக் குழிக்குள் வைத்து, மண்ணை என்னையே தள்ளவைத்தார். அது மறுபடி முளைக்கும். தோண்டாமல் விட்ட கிழங்கோ எளிதில் அழுகாமல் மண்ணிலேயே கிடக்கும்.

ஈந்தங்காய், அதாவது பனை போலத் தோன்றும் ஒரு காட்டு மரத்தின் காய், வேறு வகை. அதன் பருப்பு நஞ்சு. நறுக்கிக் காயவைத்து, ஓடைத் தண்ணீரில் பல நாள் ஊறப்போட வேண்டும். மாறாமல் தேங்கிய தண்ணீர் உதவாது, ஓடுகிற தண்ணீர் நஞ்சைக் கொண்டுபோகும். பிறகு மறுபடி காயவைத்து இடித்தால் மாவு. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

எல்லாப் பளியர் ஊரிலும் இதே முறைதான் என்று நான் சொல்லவில்லை. காட்டை அழிக்கிறீர்கள் என்று எழுத வருபவர்கள் அந்தத் தலைத்துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிழங்கும் தேனும் எடுக்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமே எழுத்தில் தந்திருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். என் தம்பி சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது அங்கிருந்த ஒருவர், "பளியன் என்றால் தேன் எடுக்கத் தெரியுமா, எந்தக் கிழங்கை எப்படித் தின்பாய், சொல்" என்று எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார். விடுதியில் தங்கி பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பிள்ளை அவன். கிழங்கு தோண்டப் போகாமல் பள்ளிக்குப் போ என்று சொன்னவர்களும் இவர்களைப் போன்றவர்கள்தானே! சான்றிதழ் கைக்கு வந்தபோது அந்த வருடக் கல்லூரிச் சேர்க்கை முடிந்திருந்தது.