சடங்கு வீட்டிலிருந்து போன ஜீன்ஸ்

கேள்வி: எனக்கு வயது 43. செங்கோட்டையில் பிறந்து, செங்கோட்டையிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அப்பா தென்காசியில் ஒரு கடையிலிருந்து பொட்டலம் ஒன்று வாங்கி வந்தார். கெட்டியான நீலத் துணி, ஜிப், செம்பு நிறப் பொத்தான், குட்டி குட்டி ஆணிகள், இடுப்பில் தைக்கத் தோல் அட்டை எல்லாம் அதற்குள் இருந்தன. எங்கள் தெரு டெய்லர் எனக்கு அதில் ஒரு ஜீன்ஸ் தைத்துக் கொடுத்தார். வளர்கிற பிள்ளை என்று சொல்லிக் கால்முனையில் நான்கு விரல் அளவு உள்ளே மடித்துத் தைத்திருந்தார். எங்கள் தெருவில் ஜீன்ஸ் போட்ட முதல் பெண் பிள்ளை நான்தான்.

அடுத்த வருடமே வயதுக்கு வந்துவிட்டேன். புனலூரில் கடை வைத்திருந்த மாமா பட்டுப் பாவாடை, தாவணியோடு சீர் கொண்டு வந்தார். "இனி இதெல்லாம் எதற்கு?" என்றார் ஆச்சி. மாமா ஊர் திரும்பியபோது அவர் மகளுக்கென்று என் ஜீன்ஸ் அவர் பையில் போனது. அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொடியில் தேடிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எல்லாம் மறந்து போயிற்று என்றுதான் இருந்தேன். போன மாதம் ஆரியங்காவில் ஒரு கல்யாணம். பந்தியில் மாமா மகள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மதினி, உங்கள் ஜீன்ஸைப் போட்டுக்கொண்டுதான் நான் சைக்கிள் பழகினேன்" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாதியில் எழுந்துவிட்டேன். நான் இன்றுவரை சைக்கிள் பழகவில்லை.

என் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுக்குச் சிறிதாகிப்போன ஜீன்ஸ் எல்லாவற்றையும் பீரோவில் சேர்த்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுச் சிறுமிக்குக் கொடுப்பதற்காக இரண்டை எடுத்தாள்; பிடுங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். "பழைய துணிக்கு இவ்வளவு பைத்தியமா?" என்கிறார் கணவர். பைத்தியம்தானா? அதே மாதிரி ஒரு ஜீன்ஸ் இப்போது கிடைக்குமா? எழுபது வயது அம்மாவிடம் ஏன் கொடுத்தாய் என்று கேட்டுவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, செங்கோட்டை

பதில்: பைத்தியம் இல்லை. உங்கள் முதல் கேள்விக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. வேண்டுமானால் கணவரிடம் இந்த வரியை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

அந்தப் பொட்டலத்திலிருந்து தொடங்குகிறேன், அது என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டதால். அகமதாபாத்தின் அர்விந்த் மில்ஸ் 1995-இல் 'ரஃப் அண்ட் டஃப்' என்ற பெயரில் தைக்காத ஜீன்ஸை விற்பனைக்கு விட்டது. ஒரு கால்சட்டைக்கான துணியும் அதற்கு வேண்டிய ஜிப், பொத்தான், ஆணி, தோல் அட்டை எல்லாமும் ஒரே பொட்டலத்தில் வரும். விலை இருநூறு ரூபாய்க்குள். அந்த நாளில் கடையில் தொங்கிய கம்பெனி ஜீன்ஸை விலை கேட்டுவிட்டுத் திரும்பிய அப்பாக்கள் ஏராளம். அவர்களை நம்பியும், ஊர் ஊராக இருந்த டெய்லர்களை நம்பியும் செய்த வியாபாரம் அது. பெரிய ஆளுக்கு வெட்டிய துணியில் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்குத் தைத்தால் மிச்சம் இருக்கும் அல்லவா? அதை வெட்டி எறியாமல் நான்கு விரல் மடித்துக் கொடுத்த உங்கள் டெய்லரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. துணி கிழியாமலிருக்க ஜீன்ஸில் செம்பாணி அடிக்க முதலில் யோசித்தவரும் ஒரு டெய்லர்தான். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து ஜேக்கப் டேவிஸ், தமக்குத் துணி கொடுத்துவந்த வியாபாரி லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து 1873 மே 20 அன்று அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

உங்கள் கடிதத்தில் என்னைத் திரும்பத் திரும்ப இழுத்தது அந்த நான்கு விரல் மடிப்புதான். இன்னும் இரண்டு வருடமாவது இந்தப் பிள்ளை இதைப் போடும் என்று கணக்குப் போட்டு ஒருவர் தைத்திருக்கிறார். அப்பாவும் அதே கணக்கில்தான் காசு கொடுத்திருப்பார். வீட்டில் வேறொரு கணக்கு இருந்திருக்கிறது. சிறிதாகிப்போய்க் கைமாறுகிற துணிக்காக யாரும் முப்பது வருடம் கழித்துப் பந்தியிலிருந்து எழுந்து போவதில்லை. அக்காள் போட்டதைத் தங்கை போடுவதும், அத்தை மகள் போட்டதை மாமா மகள் போடுவதும் நம் வீடுகளில் நடப்பதுதான். கொடுக்கிறோம் என்றோ வாங்குகிறோம் என்றோ யாரும் நினைப்பதுகூட இல்லை. உங்கள் ஜீன்ஸ் உங்களுக்குச் சிறிதாகவில்லை. உடம்பு வளர்ந்ததால் கைமாறிய துணி இல்லை அது. வளர்ந்துவிட்டாள் என்று மற்றவர்கள் முடிவு கட்டியதால் கைமாறியது. அழுகை வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. போளியும் பாயசமும் இலையில் இருக்க எழுந்துவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

அடுத்தது அம்மா. "அந்தக் காலம் அப்படி" என்று நான் எழுதப்போவதில்லை. 1996-இலும் பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் இருந்தது. அதே சமயம், உங்கள் கடிதத்தில் ஆச்சி ஒரே ஒரு வரியில் வந்துபோகிறார், முடிவு முழுவதும் அந்த வரியில் இருக்கிறது. அம்மாவுக்கு அவர் மாமியாரோ தாயாரோ, நீங்கள் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் சடங்கு வீட்டில் அவர் சொன்ன பிறகு அந்த ஜீன்ஸ் உங்கள் கொடியில் இருந்திருக்க முடியாது. அது எங்கே போகும் என்பது மட்டும்தான் அம்மாவின் கையில் மிஞ்சியிருக்கும். தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் வந்துகொண்டுதான் இருந்திருப்பார். அவ்வளவு கெட்டித் துணிக்கு ஓர் எவர்சில்வர் கிண்ணமாவது தேறியிருக்கும். அதை விட்டுவிட்டு, போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு பெண் பிள்ளையைத் தேடித் தம் அண்ணன் மகளுக்கு அனுப்பியிருக்கிறார். இது அவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் வழக்குத் தொடுக்கும் முன் இதையும் எடைபோடுங்கள்.

"ஏன் கொடுத்தாய்?" என்று கேட்காதீர்கள். எழுபது வயதில் அந்தக் கேள்விக்கு "எனக்கு ஞாபகமில்லை" என்ற ஒரு பதில்தான் வரும். நீங்கள் இன்னும் கொதிப்பீர்கள். "அம்மா, உனக்குச் சடங்கு ஆனபோது எதையெல்லாம் எடுத்து வைத்தார்கள்?" என்று கேளுங்கள். பள்ளிக்கூடமோ, தோழி வீடோ, குற்றாலத்துக் குளியலோ, ஏதோ ஒன்று அவரிடமிருந்தும் போயிருக்கும். அதைச் சொல்லி முடித்தபின் உங்கள் ஜீன்ஸ் தானாகவே பேச்சில் வரும். வராவிட்டாலும் பாதகமில்லை, நீங்களே சொல்லிவிடலாம்: "எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், நீ கேட்காமல் கொடுத்துவிட்டாய்." சண்டை இல்லாமல் சொல்லக்கூடிய வாக்கியம்தான் இது.

மாமா மகள் மேல் கோபம் இருக்கிறதா? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் சைக்கிளைப் பற்றி எழுதிய வரியில் கொஞ்சம் தெரிகிறது. அவள் பந்தியில் சொன்னது நன்றி. அவளையும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்பா ஊருக்குப் போய் வருகிறார், பையைத் திறந்தால் அடுத்த பெண் போட்ட கால்சட்டை. புதிது வேண்டும் என்று அன்றிரவு அவளும் அழுதிருக்கலாம். அவளிடம் போய் அந்தக் கதையைக் கேளுங்கள். முக்கியமாக, அந்த மடிப்பை யார் அவிழ்த்தது என்று கேளுங்கள். வெளுத்த ஜீன்ஸில் மடிப்பை அவிழ்த்தால் கீழே நான்கு விரல் அளவுக்குப் புத்தம் புதிய கருநீலப் பட்டை ஒன்று வரும். அதற்கு மேல் பழைய விளிம்பு வெள்ளைக் கோடாக நிற்கும். எத்தனை முறை துவைத்தாலும் அந்தக் கோடு போகாது. அவளுக்கு நிச்சயம் ஞாபகம் இருக்கும், பள்ளியில் அதைச் சொல்லி யாராவது கேலி செய்திருப்பார்கள்.

போனில் கேட்காமல் நேரில் போங்கள், மகளையும் அழைத்துக்கொண்டு ரயிலில். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையைத் தமிழ்நாட்டுப் பக்கமும் ஆரியங்காவைக் கேரளப் பக்கமும் வைத்துக் கோடு போட்டார்கள். அதற்குப் பிறகும் சீர்வரிசை அங்கிருந்து வருவதும் பிள்ளைகளின் பழைய உடுப்பு இங்கிருந்து போவதும் நிற்கவில்லை. உங்கள் மாமா ஜீன்ஸோடு திரும்பியது ரயிலில் என்றால், 1904-இல் போட்ட அந்த மீட்டர் கேஜ் பாதையில்தான் போயிருப்பார். 2010-இல் அதை மூடிவிட்டு அகலப்பாதை போட்டார்கள். 2018 முதல் மறுபடியும் ஓடுகிறது. பகவதிபுரம் தாண்டியதும் குகை, கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலம், இவையெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மகளை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. அதே ஜீன்ஸ் கிடைக்காது. தேடி அலைய வேண்டாம். ஜீன்ஸ் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மட்டும்தான் நீலம், குறுக்கே ஓடும் ஊடை வெள்ளை. உள்பக்கம் வெளிறி இருப்பது அதனால்தான். அந்த நீலச் சாயமும் நூலின் அடிவரை இறங்குவதில்லை. சாயத் தொட்டியிலிருந்து மஞ்சள் கலந்த பச்சையாக வெளியே வரும் நூல், காற்றுப் பட்டு நீலமாகிறது. இப்படிப் பல முறை முக்கி எடுத்தும் நடுவில் வெள்ளையாகவே இருக்கும். உரசுகிற இடத்தில் மேல் சாயம் உதிர்ந்து உள்ளே இருக்கும் வெள்ளை தெரிகிறது. நீங்கள் மண்டியிட்ட இடம், சம்மணம் போட்ட இடம், பாக்கெட்டில் எதையோ வைத்திருந்த இடம் எல்லாம் தனித்தனியாக வெளுத்திருக்கும். இப்போது கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலேயே வெளுக்க வைத்தவை. யாரும் மண்டியிடாத முழங்கால்கள். போதாததற்கு நீளுகிற இழையையும் கலந்துவிடுகிறார்கள். அசல் போலவே வேண்டும் என்றால் கலப்பில்லாத பருத்தி ஜீன்ஸ் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி, செங்கோட்டையில் இன்னும் கால்சட்டை தைக்கும் டெய்லர் யாரிடமாவது கொடுங்கள். தைக்கும் முன் துணியை ஒருமுறை நனைத்துக் காய வைத்துவிடுங்கள், பிறகு அதிகம் சுருங்காது. நான்கு விரல் மடிப்பு வேண்டாம். நம் வயதில் இனி வளர்வது அகலத்தில்தான், அதற்கு டெய்லரிடம் வேறு இடத்தில் தையல் விடச் சொல்ல வேண்டும். 43 வயதில் ஜீன்ஸா என்று தெருவில் யாராவது கேட்டால், 13 வயதிலேயே போட்டவள் என்று சொல்லுங்கள். சைக்கிளும் பழகலாம். காலை ஐந்தரை மணிக்கு உங்கள் தெருவில் பால்காரரைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள்?

மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்காத ஒன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும், பீரோவைப் பற்றி. அதில் இருப்பவை உங்கள் மகளின் ஜீன்ஸ். உங்கள் அம்மா உங்களைக் கேட்காமல் கொடுத்தார். உங்கள் மகள் கொடுக்க எடுத்ததை நீங்கள் அவளைக் கேட்காமல் பிடுங்குகிறீர்கள். அவள் பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்: என் துணி, என்னைத் தவிர எல்லோரும் முடிவு செய்கிறார்கள். இன்னும் முப்பது வருடம் கழித்து அவள் இந்தப் பத்திரிகைக்கு எழுதினால், அப்போது இந்த நாற்காலியில் இருப்பவர் உங்களைத் திட்டுவார்.

பேரன் பேத்திக்கு ஆகும் என்ற எண்ணமும் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அந்த நீளுகிற இழை போடாமல் வைத்திருந்தாலும் வருடங்கள் போகப்போகச் சத்து இழந்து தொய்ந்துவிடும். உங்கள் ஊர் சாரலில் ஜீன்ஸ் லேசில் காயாது என்பது உங்களுக்கே தெரியும்; ஆனி, ஆடியில் அரைகுறை ஈரத்தோடு பீரோவில் அடுக்கியவை இந்நேரம் பூஞ்சை பிடித்திருக்கலாம். இன்றைக்கே திறந்து பாருங்கள்.

சாவியை மகளிடம் கொடுங்கள். எது போகவேண்டும், எது இருக்கவேண்டும் என்று அவளே பிரிக்கட்டும். அதில் ஒன்றை உங்களுக்கு வைத்துக்கொள்ள ஆசை என்றால் அவளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சொல்லவும் செய்வார்கள். கொடுப்பவற்றைத் துவைத்து வெயிலில் உலர்த்தி, ஜிப் ஓடுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சிறுமியையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவளுக்கு ஜீன்ஸ் பிடிக்காமலும் இருக்கலாம்.